வேதாகமத்துக்கு வெளியே ஆவியானவர் பேசவில்லையா?

கேள்வி இதுதான்: “வேதாகமத்தில் உள்ள புத்தகங்கள் மட்டும்தான் தேவ ஏவுதலால் எழுதப்பட்டவை என்கிறோம். அப்படியானால் ஆதிச்சபை மதித்து வாசித்த திதாக்கே (அப்போஸ்தலரின் போதனை என்ற சபை ஒழுங்கு நூல்), ஹெர்மாஸின் மேய்ப்பர், கிளமெந்தின் நிருபம் போன்றவற்றை என்னவென்று சொல்வது? யூதா தன் நிருபத்தில் ஏனோக்கின் வார்த்தையை எடுத்துச் சொல்கிறாரே, அந்தப் புத்தகத்தை ஏன் சேர்க்கவில்லை? கடைசி அப்போஸ்தலர் இறந்ததோடு பரிசுத்த ஆவியானவர் பேசுவதை நிறுத்திவிட்டாரா?”

இதற்குப் பதில் சொல்லும் பலர் முதல் வரியிலேயே ஒரு முடிச்சைப் போட்டுவிடுகிறார்கள். ஏவப்பட்டது என்றால் வேதாகமத்தில் இருக்கும், வேதாகமத்தில் இல்லையென்றால் ஏவப்படாதது, அவ்வளவுதான் என்று இரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறார்கள். முதல் நானூறு ஆண்டுச் சபை அப்படிப் பேசவில்லை. ஆவியானவரின் ஏவுதல் அவர்களுக்கு விரிவான விஷயம். வேதாகமப் பட்டியல் அதைவிடக் குறுகியது. அது வேறொரு தேவைக்காக, வேறொரு கேள்வியைக் கேட்டு உருவானது. இந்த இரண்டையும் பிரித்துவிட்டால் உங்கள் கேள்வியின் பெரும்பகுதி தானாக அவிழும்.

முதலில் வேதாகமத்துக்கு உள்ளேயே பாருங்கள். 1 நாளாகமம் 29:29 தீர்க்கதரிசியாகிய நாத்தானும் ஞானதிருஷ்டிக்காரனாகிய காத்தும் எழுதியவற்றைக் குறிப்பிடுகிறது. அவை இன்று நம்மிடம் இல்லை. கொரிந்தியருக்கு எழுதும்போது பவுல், தான் முன்பே ஒரு நிருபம் எழுதியிருந்ததைச் சொல்கிறார் (1 கொரிந்தியர் 5:9). அதுவும் இல்லை. பிலிப்புவின் நான்கு குமாரத்திகள் தீர்க்கதரிசனம் சொல்லுகிறவர்கள் என்று அப்போஸ்தலர் 21:9 சொல்கிறது. அவர்கள் சொன்னதில் ஒரு வரிகூட எழுதப்படவில்லை. “வாங்குகிறதைப்பார்க்கிலும் கொடுக்கிறதே பாக்கியம்” என்ற இயேசுவின் வார்த்தையைப் பவுல் எபேசு மூப்பர்களிடம் சொல்லியிருக்காவிட்டால் நமக்குத் தெரிந்திருக்காது, நான்கு சுவிசேஷங்களிலும் அது கிடையாது. நாத்தானையோ அந்தப் பெண்களையோ ஆவியானவர் ஏவவில்லை என்று யாரும் சொல்லமாட்டோம். ஆக, ஏவப்பட்டுப் பேசிய எல்லாமே வேதாகமத்துக்குள் வந்தாக வேண்டும் என்ற விதி வேதாகமத்திலேயே இல்லை.

அப்போஸ்தலருக்கு அடுத்த தலைமுறையும் இப்படித்தான் பேசியது. கி.பி. 96 வாக்கில் ரோமாபுரிச் சபை கொரிந்துச் சபைக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதியது. கொரிந்தில் சிலர் மூப்பர்களைப் பதவியிலிருந்து இறக்கிவிட்டார்கள், அந்தச் சண்டையைத் தீர்க்க எழுதிய கடிதம். கிளமெந்தின் முதல் நிருபம் என்று நாம் சொல்வது அதைத்தான். அதன் முடிவுப் பகுதியில், பரிசுத்த ஆவியின் மூலம் நாங்கள் எழுதியவற்றுக்குக் கீழ்ப்படியுங்கள் என்ற பொருளில் ஒரு வரி வருகிறது. அதே கடிதம் பவுலின் நிருபத்தை எடுத்து வாசியுங்கள், அவர் ஆவியினால் நடத்தப்பட்டு உங்களுக்கு எழுதினார் என்றும் சொல்கிறது. இரண்டையும் அருகருகே சொல்ல அந்த எழுத்தாளருக்குத் தயக்கம் இல்லை. தனக்கும் அதே ஆவியானவரின் உதவி உண்டு, ஆனால் கொரிந்தியரின் அஸ்திவாரம் பவுலின் எழுத்து என்பது அவருக்குத் தெளிவாக இருந்தது. சுமார் 170-இல் கொரிந்தின் கண்காணியாக இருந்த தியொனீசியு, கிளமெந்தின் கடிதத்தைத் தங்கள் சபையில் இன்னும் வாசிப்பதாக ரோமாபுரிக்கு எழுதினார்.

இரத்தசாட்சியாக மரிக்க ரோமாபுரிக்குக் கொண்டுபோகப்பட்ட அந்தியோகியாவின் கண்காணி இக்னாசியு, தன் பிரசங்கத்தில் ஆவியானவரே பேசினார் என்கிறார். அதே மனிதர் ரோமருக்கு எழுதும்போது, பேதுருவையும் பவுலையும் போல நான் உங்களுக்குக் கட்டளையிடவில்லை, அவர்கள் அப்போஸ்தலர், நான் குற்றவாளியாகக் கொண்டுபோகப்படுகிறவன் என்கிறார். நான்காம் நூற்றாண்டில் நிசாவின் கிரகோரி, தன் அண்ணன் பசிலியு எழுதிய ஆறு நாள் படைப்பின் விளக்கத்தை தேவனால் ஏவப்பட்டது என்றே அழைத்தார். 431-இல் எபேசு ஆலோசனைச் சங்கம் தன் தீர்ப்பைப் பற்றியும் அதே வார்த்தையைப் பயன்படுத்தியது. இவர்களில் யாரும் பசிலியுவின் புத்தகத்தையோ சங்கத்தின் தீர்ப்பையோ ரோமர் நிருபத்துக்குப் பக்கத்தில் வைத்துத் தைக்கச் சொல்லவில்லை. நம் ஊரிலும் ஒரு பழைய கீர்த்தனையைப் பாடி முடித்தவுடன் “இது ஆவியானவர் கொடுத்த பாட்டு” என்று பெரியவர்கள் சொல்வார்கள். மனதாரச் சொல்கிறார்கள், சரியாகத்தான் சொல்கிறார்கள். அதை 151-ஆம் சங்கீதமாகச் சேர்க்க யாரும் கிளம்புவதில்லை.

அப்படியானால் பட்டியலுக்கு எதைக் கேட்டார்கள்? இதற்கு ஹெர்மாஸின் மேய்ப்பரைவிட நல்ல உதாரணம் கிடையாது.

ஹெர்மாஸ் அடிமையாக இருந்து, ரோமாபுரியில் ரோதை என்ற பெண்ணிடம் விற்கப்பட்டவர். பிறகு விடுதலை பெற்று, குடும்பமும் வியாபாரமுமாக வாழ்ந்தவர். அவருக்குத் தரிசனங்கள் வருகின்றன. ஒரு வயதான பெண்மணி தோன்றுகிறாள், அவள்தான் சபை. அடுத்தடுத்த தரிசனங்களில் அவள் இளமையாகிக்கொண்டே வருகிறாள். தண்ணீரின் மேல் ஒரு கோபுரம் கட்டப்படுகிறது. சில கற்கள் சட்டென்று பொருந்துகின்றன, சிலவற்றைச் செதுக்க வேண்டியிருக்கிறது, சிலவற்றைத் தூர எறிகிறார்கள். உருண்டையான வெள்ளைக் கற்கள் கட்டடத்தில் உட்காரவில்லை. அவை பணக்காரர்கள், செல்வத்தைச் செதுக்கி எடுத்தால்தான் பொருந்துவார்கள் என்று அவளே விளக்குகிறாள். ஞானஸ்நானம் பெற்றபின் விழுந்தவனுக்கு இன்னொரு மனந்திரும்புதல் உண்டா என்பதுதான் புத்தகம் முழுக்க ஓடும் ஏக்கம்.

ஆதிச்சபை இந்தப் புத்தகத்தை மிகவும் நேசித்தது. எகிப்தில் கிடைத்த இரண்டாம், மூன்றாம் நூற்றாண்டுப் பிரதிகளை எண்ணினால் மாற்கு சுவிசேஷத்தைவிட மேய்ப்பரின் பிரதிகளே அதிகம். இரண்டாம் நூற்றாண்டுக் கண்காணி ஐரேனியு அதிலிருந்து ஒரு வாக்கியத்தை வேதவாக்கியம் என்று சொல்லி எடுத்தாள்கிறார். மூன்றாம் நூற்றாண்டு வேத அறிஞர் ஒரிஜென் தன் ரோமர் விரிவுரையில் அது தேவனால் ஏவப்பட்டது என்று தான் நினைப்பதாகச் சொல்கிறார். நான்காம் நூற்றாண்டின் சினாய் கையெழுத்துப் பிரதியில் வெளிப்படுத்தின விசேஷத்துக்குப் பிறகு பர்னபாவின் நிருபமும் மேய்ப்பரும் சேர்த்தே எழுதப்பட்டிருக்கின்றன.

இவ்வளவு இருந்தும் மேய்ப்பர் பட்டியலில் நிற்கவில்லை. காரணத்தை ஒரு பழைய ஆவணம் தெளிவாகச் சொல்கிறது. மிலான் நகரின் அம்புரோசிய நூலகத்தில் முராத்தோரி என்ற அறிஞர் கண்டெடுத்து 1740-இல் வெளியிட்ட ஒரு லத்தீன் துண்டு அது. மூலம் இரண்டாம் நூற்றாண்டின் இறுதியைச் சேர்ந்தது என்பது பெரும்பாலோர் கருத்து, நான்காம் நூற்றாண்டு என்போரும் உண்டு. மேய்ப்பரைப் பற்றி அது சொல்வதன் சாரம் இது: ரோமாபுரியில் பியு கண்காணியாக இருந்தபோது அவருடைய சகோதரர் ஹெர்மாஸ் இதை மிகச் சமீபத்தில், நம் காலத்தில் எழுதினார். ஆகவே இதை வாசிக்கத்தான் வேண்டும். ஆனால் சபை கூடும்போது ஜனங்களுக்கு முன்பாக, தீர்க்கதரிசிகளோடும் அப்போஸ்தலரோடும் சேர்த்து வாசிக்க முடியாது, ஏனென்றால் இது அவர்கள் காலத்துக்குப் பிந்தியது.

இந்த வாதத்தைக் கொஞ்சம் நின்று பாருங்கள். ஹெர்மாஸுக்குத் தரிசனம் வரவில்லை என்று அது சொல்லவில்லை. அவர் பொய் சொன்னார் என்றும் சொல்லவில்லை. வாசிக்காதே என்றும் சொல்லவில்லை, வாசிக்க வேண்டும் என்கிறது. கேட்ட கேள்வி ஒன்றுதான்: இது இயேசுவைக் கண்டவர்களின் சாட்சியைச் சேர்ந்ததா? இல்லை. அவ்வளவுதான். கிறிஸ்துவில் ஒரே தரம் நடந்ததை நேரில் கண்டவர்களும் அவர்களோடு இருந்தவர்களும் கொடுத்த சாட்சிதான் சபைக்கு அஸ்திவாரம். அதற்குப் பின் வருவது எவ்வளவு ஆவிக்குரியதாக இருந்தாலும் அந்த அஸ்திவாரத்தின் மேல்தான் நிற்கும். என் பார்வையில் பட்டியலின் முழு நியாயமும் இதில் அடங்கிவிட்டது. அந்த எழுத்து எல்லாச் சபைகளிலும் பெற்றுக்கொள்ளப்பட்டதா, விசுவாசப் பிரமாணத்தோடு ஒத்துப்போகிறதா என்பவையும் பார்க்கப்பட்டன. “எழுதியவர் ஏவப்பட்டாரா” என்பதைத் தனிச் சோதனையாக வைத்து ஒரு புத்தகத்தை ஏற்றதையோ தள்ளியதையோ பார்ப்பது அரிது.

அப்போஸ்தலர் பெயரைப் போட்டுக்கொண்டு வந்த புத்தகங்கள் வேறு ரகம். சுமார் 190 முதல் அந்தியோகியாவில் கண்காணியாக இருந்த செராப்பியோனின் கதை இதில் மிகவும் நேர்மையானது. ரோசுஸ் என்ற கடலோர ஊருக்கு அவர் போனபோது, அங்கே பேதுரு சுவிசேஷத்தை வாசிக்கலாமா என்று ஒரு சச்சரவு. புத்தகத்தை முழுக்கப் பார்க்காமலே, இதுதான் பிரச்சினை என்றால் வாசித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். அப்புறம் அதைப் பயன்படுத்துகிறவர்களிடமே இரவல் வாங்கிப் படித்தார். பெரும்பகுதி சரியான போதனைதான், ஆனால் சில சேர்க்கைகள் இருக்கின்றன என்று கண்டு, அவற்றைப் பட்டியலிட்டு ஊராருக்குக் கடிதம் எழுதினார். பேதுருவையும் மற்ற அப்போஸ்தலரையும் நாங்கள் கிறிஸ்துவைப் போல ஏற்கிறோம், ஆனால் அவர்கள் பெயரைப் பொய்யாகத் தாங்கி வருவதை, முன்னோரிடமிருந்து பெற்றுக்கொள்ளாததை, ஏற்கமாட்டோம் என்பது அவர் நிலை. நான்காம் நூற்றாண்டுச் சரித்திர ஆசிரியர் யூசேபியு தன் சபைச் சரித்திரத்தில் இதைப் பாதுகாத்திருக்கிறார்.

1886-87 குளிர்காலத்தில் எகிப்தின் அக்மீமில் ஒரு கல்லறையிலிருந்து அந்தச் சுவிசேஷத்தின் ஒரு பகுதி கிடைத்தது. செராப்பியோன் ஏன் தயங்கினார் என்பது இப்போது நமக்கும் தெரியும். சிலுவையில் இயேசு வலியே இல்லாதவர்போல மௌனமாக இருந்தார் என்று ஒரு வரி வருகிறது. உயிர்த்தெழுதலில் வானத்தை எட்டும் தலையோடு இருவர், வானத்தையும் தாண்டும் தலையோடு ஒருவர் கல்லறையை விட்டு வருகிறார்கள். பின்னாலேயே சிலுவை நடந்து வருகிறது. நித்திரையடைந்தவர்களுக்குப் பிரசங்கித்தாயா என்று வானத்திலிருந்து குரல் கேட்க, சிலுவை ஆம் என்கிறது. மாற்கில் கல்லறைக்கு வந்த பெண்கள் பயந்து ஓடுகிற அந்தச் சில வசனங்களை இதற்குப் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். எது சாட்சி, எது சாட்சியின் மேல் பிற்காலத்தில் கட்டிய அலங்காரம் என்பது காதுக்கே கேட்கும்.

அன்பினால் எழுதினாலும் பொய்ப்பெயரில் எழுதுவதைச் சபை பொறுக்கவில்லை. பவுலின் நடபடிகள் என்ற புத்தகத்தை ஆசியா மாகாணத்தைச் சேர்ந்த ஒரு மூப்பர் எழுதினார். தெக்லாள் என்ற பெண்ணின் கதை அதில்தான் வருகிறது. பவுல்மேல் கொண்ட அன்பினால் செய்தேன் என்று அவர் ஒப்புக்கொண்டார், பதவியை இழந்தார் என்று வடஆப்பிரிக்கக் கிறிஸ்தவ எழுத்தாளர் தெர்த்துலியன் எழுதிவைத்திருக்கிறார். பவுலை நேசிப்பது நல்லதுதான். பவுலின் வாயில் வார்த்தையை வைப்பது வேறு விஷயம்.

இனி ஏனோக்கு. யூதா 14-இல் “ஆதாமுக்கு ஏழாந்தலைமுறையான ஏனோக்கும்” என்று தொடங்கும் பகுதி, ஏனோக்கின் புத்தகத்தின் முதல் அதிகாரத்தில் இருக்கிற வார்த்தைதான். இதை மறைக்கத் தேவையில்லை. சாக்கடலருகே கும்ரான் குகைகளில் அந்தப் புத்தகத்தின் அரமேயிக் பிரதிகள் பல கிடைத்தபின் அது கிறிஸ்துவுக்கு முந்தியது என்பதில் சந்தேகமும் இல்லை. தெர்த்துலியன் இதையே வைத்து வாதாடினார்: யூதா சாட்சி சொல்கிறார், ஆகவே ஏனோக்கை ஏற்க வேண்டும். வேதாகமத்தை லத்தீனில் மொழிபெயர்த்த ஜெரோமின் காலத்தில் வாதம் தலைகீழாக ஓடியதையும் அவரே பதிவு செய்கிறார். ஏனோக்கை எடுத்துக் காட்டியதாலேயே பலர் யூதாவின் நிருபத்தைத் தள்ளினார்களாம். சபை இரண்டு பக்கமும் போகவில்லை. யூதாவை வைத்துக்கொண்டது, ஏனோக்கைப் பொதுவில் ஏற்கவில்லை. எத்தியோப்பிய, எரித்திரிய ஆர்த்தடாக்ஸ் சபைகள் மட்டும் ஏனோக்கையும் தங்கள் வேதாகமத்தில் வைத்திருக்கின்றன. அதனால்தான் அந்தப் புத்தகம் எத்தியோப்பியாவின் பழைய மொழியான கெயெஸில் முழுமையாகப் பிழைத்தது, 1773-இல் ஜேம்ஸ் புரூஸ் ஐரோப்பாவுக்குக் கொண்டுவர முடிந்தது.

மேற்கோள் காட்டுவதால் மட்டும் ஒரு புத்தகம் வேதமாகிவிடாது என்பதற்குப் பவுலே போதும். அத்தேனேயில் “நாம் அவருடைய சந்ததியார்” என்று அவர் சொன்னது அராத்து என்ற கிரேக்கக் கவிஞரின் வரி. கொரிந்தியரிடம் ஆகாத சம்பாஷணை நல்லொழுக்கத்தைக் கெடுக்கும் என்றது மெனாந்தரின் நாடக வரி. ஆனால் யூதா, ஏனோக்கு முன்னறிவித்தார் என்று சொல்வது இவற்றைவிட ஒரு படி மேலானது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த வார்த்தை உண்மையான தீர்க்கதரிசனம் என்று யூதா நம்பினார். அதை நான் அப்படியே ஏற்கிறேன். ஒரு வார்த்தை உண்மையாக இருப்பதும், அது வருகிற புத்தகம் முழுவதும் சபையின் அஸ்திவாரமாக இருப்பதும் ஒன்றல்ல.

நிசேயா சங்கம் ஓட்டெடுத்துப் புத்தகங்களைத் தேர்ந்தெடுத்தது என்ற கதையை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். 325-இல் கூடிய அந்தச் சங்கம், கிறிஸ்து படைக்கப்பட்டவர் என்ற ஆரியுவின் போதனையையும் பாஸ்கா தேதியையும் பேசியது, 20 ஒழுங்குகளை வகுத்தது. அவற்றில் ஒன்றுகூட வேதாகமப் பட்டியலைப் பற்றியது இல்லை. புத்தகங்களைப் பீடத்தருகே வைத்து ஜெபித்தார்கள், தவறானவை கீழே விழுந்தன என்ற கதை ஒன்பதாம் நூற்றாண்டின் ஒரு கிரேக்கத் தொகுப்பில்தான் வருகிறது.

இன்றுள்ள 27 புதிய ஏற்பாட்டுப் புத்தகங்களும் கூடுதல் குறைவு இல்லாமல் முதன்முதலில் வரிசைப்படுவது, 367-இல் அலெக்சாந்திரியாவின் அத்தனாசியு எழுதிய உயிர்த்தெழுதல் பண்டிகைக் கடிதத்தில். இந்தக் கடிதத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் பட்டியலோடு நிறுத்திவிடுகிறார்கள். அதற்கு அடுத்த பத்தியில் அவர் இன்னொரு வரிசையும் கொடுக்கிறார்: பட்டியலில் இல்லாதவை, ஆனால் புதிதாகச் சேருகிறவர்கள் வாசிக்கும்படி பிதாக்கள் நியமித்தவை. சாலொமோனின் ஞானம், சீராக், எஸ்தர், யூதித், தோபித்து, திதாக்கே, மேய்ப்பர். எஸ்தர் புத்தகத்தை இந்த இரண்டாம் வரிசையில் பார்ப்பது நமக்கு ஆச்சரியமாக இருக்கும். அதைவிட முக்கியம், பட்டியலுக்கும் கள்ளப் புத்தகங்களுக்கும் நடுவே இப்படி ஓர் அகலமான இடத்தை அவர் விட்டுவைத்ததுதான். யூசேபியுவும் அப்படியே செய்தார். எல்லாரும் ஏற்றவை, சிலர் சந்தேகித்தவை, சேராதவை என்று பிரித்துவிட்டு, அப்போஸ்தலர் பெயரில் மாறுபாட்டுக்காரர் புனைந்தவற்றைத் தனியாக ஒதுக்கினார். மேய்ப்பரும் பேதுரு சுவிசேஷமும் அவர் பார்வையில் ஒரே குப்பையில் இல்லை. இன்று பட்டியலுக்கு வெளியே இருப்பதையெல்லாம் ஒரே மூட்டையாகக் கட்டி, ஒரு சாரார் “மறைக்கப்பட்ட சத்தியம்” என்றும் இன்னொரு சாரார் “சாத்தானின் புத்தகங்கள்” என்றும் பேசுவதைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. ஆதிச்சபை இரண்டையும் செய்யவில்லை.

அந்த நடு இடம் நடைமுறையில் எப்படி இருந்தது என்பதற்கு வடஆப்பிரிக்காவைப் பாருங்கள். 203-இல் கார்த்தேஜில் பெர்பெத்துவா என்ற இளம் தாய் விசுவாசத்துக்காகக் கொல்லப்பட்டாள். கைக்குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தவள். சிறையில் அவளே எழுதிய குறிப்புகள் அவளுடைய பாடுகளின் வரலாற்றில் அப்படியே இருக்கின்றன. குழந்தையைச் சிறைக்குள் வைத்துக்கொள்ள அனுமதி கிடைத்ததும் சிறை தனக்கு அரண்மனையானது என்று எழுதுகிறாள். தொகுத்தவர் முன்னுரையில் யோவேலின் தீர்க்கதரிசனத்தை எடுத்துச் சொல்லி வாதாடுகிறார்: பழைய சம்பவங்களை எழுதிவைத்தோமே, புதியவற்றையும் ஏன் எழுதக் கூடாது, ஆவியானவரின் வல்லமை எல்லாக் காலத்துக்கும் ஒன்றுதானே?

393-இல் ஹிப்போவில் கூடி, 397-இல் கார்த்தேஜில் உறுதி செய்த ஒழுங்கு, திருமறைப் புத்தகங்கள் தவிர வேறெதையும் தேவனுடைய வேதம் என்ற பெயரில் சபையில் வாசிக்கக் கூடாது என்றது. அதோடு, இரத்தசாட்சிகளின் நினைவு நாள்களில் அவர்களுடைய பாடுகளின் வரலாற்றை வாசிக்கலாம் என்றும் சொன்னது. ஹிப்போவின் கண்காணி அகுஸ்தீன் பெர்பெத்துவாவின் நாளில் மனமுருகிப் பிரசங்கித்தவர். ஆனால் 419 வாக்கில் ஒருவர், பெர்பெத்துவா தன் இறந்துபோன சின்னத் தம்பி தினொக்கிராத்துக்காக ஜெபித்த தரிசனத்தை ஆதாரமாக வைத்து, ஞானஸ்நானம் பெறாத குழந்தைகளைப் பற்றி ஒரு உபதேசத்தையே கட்ட முயன்றபோது, அந்த எழுத்து திருமறைப் பட்டியலைச் சேர்ந்ததல்ல என்று தடுத்தார். கண்ணீரோடு வாசிக்கலாம், அதன்மேல் உபதேசம் கட்டக் கூடாது. இதைவிடத் தெளிவாக அந்த வித்தியாசத்தை யாரும் நடத்திக் காட்டியதாக எனக்குத் தெரியவில்லை.

நமக்கு நெருக்கமான ஒன்றும் இருக்கிறது. தோமா ஒரு ராஜாவுக்கு அரண்மனை கட்டுவதாகப் பணம் வாங்கி ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டார், ராஜாவின் தம்பி இறந்து பரலோகத்தில் அந்த அரண்மனையைக் கண்டார் என்ற கதையை மயிலாப்பூர் பக்கம் வளர்ந்த கிறிஸ்தவப் பிள்ளைகள் பலரும் கேட்டிருப்பார்கள். அது மூன்றாம் நூற்றாண்டில் எதேசா பகுதியில் சிரியாக் மொழியில் எழுந்த தோமாவின் நடபடிகளில் வருவது. அந்த ராஜா குந்தபார் வெறும் கற்பனை என்று கருத இடமிருந்தது, 19-ஆம் நூற்றாண்டில் அவர் பெயர் பொறித்த நாணயங்கள் வடமேற்கு இந்தியப் பகுதியில் கிடைக்கும்வரை. ஆக அந்தப் புத்தகம் ஒரு பழைய நினைவைச் சுமந்து வந்திருக்கிறது. அதே புத்தகத்தில், திருமண இரவில் இயேசு மணவறையில் தோன்றி மணமக்களைத் தாம்பத்தியமே வேண்டாம் என்று இணங்க வைக்கிறார். “விவாகம் யாவருக்குள்ளும் கனமுள்ளதாயும்” இருக்கச் சொல்லும் எபிரெயர் 13:4-க்கு இது நேர் எதிர். தோமா இந்தியாவுக்கு வந்தார் என்ற பாரம்பரியத்தை நேசிப்பதற்காக இந்தப் போதனையை விழுங்க வேண்டியதில்லை, இந்தப் போதனைக்காக அந்த நினைவைத் தூக்கி எறியவும் வேண்டியதில்லை. மரியாளின் பெற்றோர் சுவக்கின், அன்னா என்ற பெயர்களும் இப்படித்தான், இரண்டாம் நூற்றாண்டின் யாக்கோபு முதல் சுவிசேஷத்திலிருந்து வந்தவை.

ஏவுதலும் பட்டியலும் ஒன்று என்ற பேச்சு கெட்டிப்பட்டது பெரும்பாலும் 16, 17-ஆம் நூற்றாண்டுச் சண்டையில். லுத்தர் 1534-இல் தள்ளுபடி ஆகமங்களை (எபிரெய வேதாகமத்தில் இல்லாத தோபித்து, யூதித் போன்ற புத்தகங்களை) தன் வேதாகமத்தில் வைத்தே அச்சிட்டார், பரிசுத்த வேதத்துக்குச் சமமல்ல, ஆனாலும் வாசிக்கப் பயனுள்ளவை என்ற குறிப்போடு. 1728-இல் தரங்கம்பாடி லுத்தரன் மிஷனரிகள் அவற்றைத் தமிழிலும் அச்சிட்டார்கள். 1546-இல் கத்தோலிக்கரின் திரெந்து சங்கம் அந்தப் புத்தகங்களைப் பட்டியலுக்குள் உறுதி செய்தது. பிரிட்டனின் சீர்திருத்தச் சபையார் வகுத்த 1647-இன் வெஸ்ட்மின்ஸ்டர் அறிக்கை, அவை தேவ ஏவுதலால் ஆனவை அல்ல, ஆகவே பட்டியலைச் சேர்ந்தவை அல்ல என்று நேராக முடிச்சுப் போட்டது. எதன்மேல் உபதேசத்தைக் கட்டலாம் என்ற சண்டை அது, அந்தச் சூழலில் அப்படிச் சொன்னதன் நியாயம் புரிகிறது. “வேதவாக்கியங்களெல்லாம் தேவஆவியினால் அருளப்பட்டிருக்கிறது” என்பதை நானும் முழு மனதோடு விசுவாசிக்கிறேன். அந்த வசனம் பட்டியலுக்குள் இருப்பதைப் பற்றிப் பேசுகிறது. வெளியே ஆவியானவர் எங்கும் அசையவில்லை என்று அது சொல்லவில்லை.

ஒருவேளை நாளைக்கு எகிப்து மணலில் பவுலின் அந்தத் தொலைந்த கொரிந்து நிருபம் கிடைத்தால் சேர்ப்போமா? என் பதில், சேர்க்கமாட்டோம். ஆவலோடு வாசிப்போம், பிரசங்கங்களில் எடுத்துச் சொல்வோம், அது ஏவப்பட்டது என்றே நான் நம்புவேன். ஆனால் அதை வைத்து எந்தச் சபையும் இரண்டாயிரம் ஆண்டு ஜெபிக்கவில்லை, ஞானஸ்நானம் கொடுக்கவில்லை, இரத்தம் சிந்தவில்லை. பெற்றுக்கொண்டு கையளித்ததுதான் பட்டியல்.

ஆவியானவர் இன்னும் பேசுகிறாரா என்ற உங்கள் கடைசிக் கேள்விக்கு, ஆம் என்று தயங்காமல் சொல்வேன். பவுல் தெசலோனிக்கேயருக்குச் சொன்னது இன்றும் அப்படியே நிற்கிறது: “ஆவியை அவித்துப்போடாதிருங்கள். தீர்க்கதரிசனங்களை அற்பமாயெண்ணாதிருங்கள். எல்லாவற்றையும் சோதித்துப்பார்த்து, நலமானதைப் பிடித்துக்கொள்ளுங்கள்.” சோதிக்கும் உரைகல்லாகத்தான் பட்டியல் நம் கையில் இருக்கிறது. “கர்த்தர் சொல்லுகிறார்” என்று மேடையில் ஒருவர் முழங்கும்போது அதைச் சோதிப்பது அவிசுவாசம் இல்லை, கட்டளை.

எப்படிச் சோதிப்பது என்பதற்குத் திதாக்கே நடைமுறையாகச் சில வழிகள் தருகிறது. வீடு தேடி வரும் அப்போஸ்தலர் மூன்று நாள் தங்கினால் அவர் கள்ளத் தீர்க்கதரிசி. புறப்படும்போது அடுத்த தங்குமிடம்வரைக்கும் அப்பம் வாங்கலாம், பணம் கேட்டால் கள்ளர். ஆவியில் நிறைந்தவராக எனக்குப் பணம் கொடு என்று ஒருவர் சொன்னால் அவருக்குச் செவிகொடுக்காதே. ஏழைகளுக்குக் கொடுக்கச் சொன்னால் அவரை யாரும் நியாயந்தீர்க்க வேண்டாம். 1873-இல் பிரியெனியோஸ் என்ற கிரேக்கப் பேராயர் கான்ஸ்தாந்திநோப்பிளில், 1056-இல் எழுதப்பட்ட ஒரு தோல் பிரதியில் இந்தப் புத்தகத்தைக் கண்டெடுத்தார். அதுவரை பெயர் தெரிந்தும் முழுதாய்க் கைக்குக் கிட்டாமல் இருந்தது.

படிக்கத் தொடங்க விரும்பினால் திதாக்கேயிலிருந்தே தொடங்குங்கள், ஒரே மாலையில் முடித்துவிடலாம். அடுத்து பெர்பெத்துவா. கிளமெந்தின் நிருபத்தை 1 கொரிந்தியரைத் திறந்து வைத்துக்கொண்டு படியுங்கள். உயிர்த்தெழுதலுக்கு ஆதாரமாக அவர் பீனிக்ஸ் பறவையின் கதையைச் சொல்லும் 25-ஆம் அதிகாரம் வரும்போது திடுக்கிட வேண்டாம், அந்தக் காலத்தில் படித்தவர்களும் அந்தப் பறவையை நம்பினார்கள். மேய்ப்பர் நீளமானது, தரிசனங்கள் ஐந்தை மட்டும் முதலில் வாசித்தால் போதும். 1945-இல் நாக் ஹம்மாதியில் முழுமையாகக் கிடைத்த தோமா சுவிசேஷத்தைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். அதன் 114 வசனங்களில் கடுகுவிதை உவமைபோல நமக்குத் தெரிந்தவையும் உண்டு, மரியாளை ஆணாக்கினால்தான் ராஜ்யத்துக்குள் பிரவேசிப்பாள் என்ற 114-ஆவது வசனமும் உண்டு. மற்ற நான்கு சுவிசேஷங்களும் மனதில் ஊறியிருந்தால் இரண்டையும் பிரித்து அறிய யாருடைய உதவியும் உங்களுக்குத் தேவைப்படாது.